ரெண்டு பேர் ஏறினால்தான் ஓடும் கார்

கொழும்பில் காலி முகத்திடலைத் தாண்டும்போது காருக்குள் கடல் கேட்டது.

அதுவரைக்கும் நான் ஏறின எந்த வாகனத்துக்குள்ளும் எஞ்சின்தான் கேட்கும். இதில் வேகம் குறைந்ததும் எஞ்சின் தானாக நின்றுவிடும். பிறகு பேட்டரியில் ஒரு மோட்டர் தள்ளிக்கொண்டு போகும். ஏசியின் மெல்லிய மூச்சு, அலை, காகம்... கனவில் மிதந்து போற மாதிரி.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள். ஒருகொடவத்தையில், ஜப்பானில் ஓடின கார்களை இறக்கி ரீகண்டிஷன் என்று விற்கிற யார்டில் எனக்கு முதல் வேலை. ஹைபிரிட் கார் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. பெற்றோலைக் குறைவாகக் குடிக்கிற கார். வாங்கினதெல்லாம் பெற்றோல் விலையே கேட்காத ஆட்கள்.

அன்றைக்கு வெள்ளவத்தைக்கு டெலிவரி. ஓட்டினது எங்கள் யார்ட் டிரைவர் ரிஸ்வி நானா. கூட நான்.

பம்பலப்பிட்டியில் செக்பொயின்ட். நீளமான வரிசை. முன்னும் பின்னும் எல்லா வாகனமும் புகை விட்டுக்கொண்டு நின்றது. எங்களுடையது மட்டும் தூங்குது.

"ஜப்பான்காரன் சிக்னல் லைட்டுக்குச் செஞ்ச சாமான் தம்பி... நம்மட செக்பொயின்டுக்குத்தான் நல்லாப் பொருந்துது" என்றார் நானா.

எங்கள் முறை வந்தது. பொனட்டைத் திறக்கச் சொன்னான் ஆமிக்காரன். எஞ்சின் சத்தம் இல்லாததால் கார் ஓஃப் என்று நினைத்துவிட்டான். நானா இறங்கித் திறந்தார். அவன் குனிந்து பார்த்த நேரம் பார்த்து பேட்டரி இறங்கி, எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆனது.

டிரைவர் சீட்டில் ஆள் இல்லை!

அவன் பின்னால் பாய்ந்தான். அவன் கையிலிருந்த துவக்கு, காருக்குள் இருந்த என் பக்கம் திரும்பியது.

"ஐயோ சேர், சேர்! பேட்டரி குறைஞ்சா அதுவாவே எடுக்கும்! புது மெஷின்!" இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிங்களத்தில் கத்தினார் நானா.

அவனுக்கு மேலே ஒரு பெரியவன் வந்தான். காரை ஓஃப் பண்ண வைத்தான். செம்மஞ்சள் வயர்களைத் தடவிப் பார்த்தான். லீட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்டான். நானா அளந்து விட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

கார் பாஸ். நான் பாஸ் இல்லை.

என் அடையாள அட்டையில் ஹட்டன் தேயிலைத் தோட்டத்து விலாசம். இருப்பது கொழும்பு ஜிந்துப்பிட்டியில். கொழும்பில் தங்குகிற தமிழர் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு அறையில் கிடந்தது.

"தோட்டத்து ஆள் கொழும்பில் என்ன செய்றாய்?"

"வேலை, சேர்."

"அங்கே வேலை இல்லையா?"

அதே கேள்வியைத்தான் நானும் இந்த நாட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியவன் என்னை இறக்கி ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். அந்த நாட்களில் அப்படி நின்றவர்களில் சிலர் பின்னேரமே திரும்பி வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

நானாவைக் காரை எடுக்கச் சொன்னான். அவர் ஏறி ஸ்டார்ட் பட்டனை அமத்தினார். லைட்டெல்லாம் எரிந்தது. கார் அசையவில்லை. திரும்பவும் அமத்தினார். அப்பவும் அசையவில்லை.

"போகுதில்ல சேர்."

"ஏன்?"

"புது மெஷின் சேர். ரெண்டு பேரை ஏத்திட்டு வந்தா, ரெண்டு பேரும் ஏறினாத்தான் கம்ப்யூட்டர் விடும்."

முகத்தில் ஒரு துளி சிரிப்பு இல்லை. பின்னால் ஹோர்ன் மேல் ஹோர்ன். பெரியவன் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஆளே இல்லாமல் ஸ்டார்ட் ஆகிற கார், ஆள் குறைந்தால் நிற்காதா?

"யன்ன, யன்ன!" என்று கையை வீசினான். போகச் சொல்லிவிட்டான்.

நான் ஏறினேன். நானா பட்டனை அமத்தினார். சத்தமே இல்லாமல் கார் நகர்ந்தது...

வெள்ளவத்தைக் கடலோரம் வந்ததும் திரும்பவும் காருக்குள் அலை கேட்டது.

"பிரேக்க மிதிக்காம அமத்தினா லைட்டு மட்டும்தான் தம்பி வரும்" என்றார் நானா. "வேர்வையத் தொடைங்க. புதுச் சீட்டு."

இப்போது எஞ்சினே இல்லாத கார்கள் காலி வீதியில் ஓடுது. செக்பொயின்ட் இல்லை. தோட்டத்துப் பெடியனிடம் 'கொழும்பில் என்ன செய்றாய்' என்ற கேள்வியை இப்போது அறை வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

போன கிழமை ஒரு எலக்ட்ரிக் டாக்சியில் ஏறினேன். கதவைச் சாத்தினதும் சத்தமில்லாமல் கிளம்பியது. எனக்குத் தெரியும், நான் ஏறாவிட்டாலும் அது ஓடும். எந்தக் காரும் ஓடும்.

ஆனாலும் ஒரு மனுஷன், துவக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, நான் இல்லாமல் ஓடாது என்று சொன்னார்...