பேசா கிடைத்தால் இருப்போம்

என் தம்பி அவேஸைப் பொய்யன் என்று திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. வேறு யாராவது திட்டினால் கொதிக்கிற தேநீர்க் கெட்டிலை அப்படியே மடியில் கவிழ்த்துவிடுவேன். இந்த அகதி முகாமில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் சிலருக்கு வாய் அடங்குவதில்லை.

சோமாலியாவில் எங்கள் பக்கம் பெற்றவர்கள் வைத்த பெயர் நிக்காஹ்வுக்கும் ஜனாஸா அடக்கத்துக்கும்தான். மற்ற நாளெல்லாம் பட்டப்பெயர். நொண்டியை நொண்டி என்றே கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். நான் கரிச்சட்டி. அவேஸ், அஃப்லபா. இரட்டை வாய்க்காரன் என்று அர்த்தம். பஞ்ச காலத்தில் எல்லை தாண்டிப் போய் கென்யாவின் ததாப் முகாமில் வளர்ந்தோம். நான் அடுப்படியில் வெந்தேன். அவன் கென்யா லாரிக்காரர்களோடு ஊர் சுற்றி சுவாஹிலி கற்றுக்கொண்டு வந்தான். அதற்காக அப்போது அவனை அடித்தேன். பின்னால் அந்தச் சுவாஹிலிதான் எங்களுக்குச் சோறு போட்டது.

நாங்கள் திரும்பிய சமயம், எங்கள் ஊரான புலோ தமஸ், காட்டுக்காரர்கள் கையில் இருந்தது. துப்பாக்கியோடு புதருக்குள் இருந்து வந்து, எங்கள் எள்ளில் பங்கு, மாட்டில் பங்கு, கடைசியில் பிள்ளைகளிலும் பங்கு கேட்டவர்கள் அவர்கள். ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து அனுப்பிய படை வந்து அவர்களை விரட்டியது. ஆற்றுப் பாலத்தருகே மண்மூட்டைகளை அடுக்கித் தளம் போட்டது. சிப்பாய்கள் பேசுவது சுவாஹிலி, நாங்கள் பேசுவது சோமாலி. நடுவில் வாயாக இருக்க ஆள் வேண்டும். அவேஸ் போய் நின்றான்.

முதல் கூட்டம் தமஸ் மரத்தடியில் நடந்தது. எங்கள் குலத்தலைவர் மலாக் மூமின் நேராகக் கேட்டார். "நீங்க இருப்பீங்களா, போயிருவீங்களா? இருக்கறதா இருந்தா நாங்க ஒத்துழைப்போம். போறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க, எங்க கழுத்தை நாங்களே பாத்துக்குறோம்."

தளபதி ஏதோ நீளமாகச் சொன்னார். அவேஸ் எழுந்து, "இருப்போம், இன்ஷா அல்லாஹ்னு சொல்றார்" என்றான். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஊர் என்னென்ன செய்தது தெரியுமா? ரோட்டில் எங்கெங்கே வெடி புதைத்திருக்கிறது என்று மலாக் மூமின் தானே நடந்துபோய்க் காட்டினார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். தளத்து வாசலில் நான் தேநீர்க்கடை போட்டேன். இத்தனையையும் காட்டுக்காரர்கள் புதருக்குள் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யார் காட்டினார், யார் திறந்தார், யார் ஊற்றினாள் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

கடை நன்றாக நடந்தது. இஞ்சியும் ஏலமும் தட்டிப்போட்ட என் தேநீருக்காகச் சிப்பாய்கள் வரிசையில் நிற்பார்கள். நான் கற்ற சுவாஹிலி இரண்டே வார்த்தைதான். பேசா என்றால் பணம். ஹகூனா என்றால் இல்லை. முதல் சில வருஷம் பேசா என்பது மட்டும் காதில் விழுந்தது. அப்புறம் அப்புறம் ஹகூனாவும் சேர்ந்துகொண்டது. குடித்துவிட்டு, கையை விரித்து, "பேசா ஹகூனா" என்பார்கள். முகத்தைப் பார்த்தால் கோபப்படவும் முடியாது. அவர்களுக்கே மாசக்கணக்கில் படி வரவில்லை.

"ஏன்டா, ராணுவத்துக்குமாடா பஞ்சம்?" என்று அவேஸைக் கேட்டேன்.

"அக்கா, இது இவங்க பணம் இல்ல. தூரத்து நாடுகள் குடுக்குது. அரிசிக்கு ஒருத்தன், டீசலுக்கு ஒருத்தன், சம்பளத்துக்கு இன்னொருத்தன். வருஷா வருஷம் உக்காந்து பேசுவாங்க. இப்ப நீ குடு, நான் குடுக்கமாட்டேன்னு அவங்களுக்குள்ள இழுபறி."

"சாகறது யாரு?"

"இவங்கதான்."

"அவனுங்க என்ன பண்றானுங்க?"

"கணக்குப் பாக்குறாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடிய பையன்கள் பாலத்துப் பக்கம் கால் போய், கை போய்க் கிடந்தார்கள். எங்கேயோ குளிர் ஊரில் ஒருத்தன் காப்பி குடித்துக்கொண்டே, இந்த வருஷம் கொஞ்சம் குறைக்கலாம் என்கிறான். அவன் வீட்டு வாசலில் காட்டுக்காரன் வந்து நின்றால் குறைப்பானா?

ரேடியோவில் படை தன் நாட்டுக்குத் திரும்பப்போகிறது என்று சொல்ல ஆரம்பித்ததும் ஊர் கலங்கியது. மறுபடி மரத்தடியில் கூட்டம். அப்போது தளத்தில் மேஜர் ஒகிரோர் என்று ஒருவர் இருந்தார். உயரமான ஆள், மெதுவாகப் பேசுவார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மலாக் மூமின் அதே கேள்வியைக் கேட்டார். மேஜர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். அந்தப் பதிலில் பேசா என்ற வார்த்தை வந்தது. இன்னொரு தடவையும் வந்தது.

அவேஸ் எழுந்தான். "இருப்போம், இன்ஷா அல்லாஹ்னு சொல்றார்."

கிழவர்கள் தாடியைத் தடவி ஆமீன் சொன்னார்கள். நான் மட்டும் கெட்டிலை நிமிர்த்த மறந்தேன். தேநீர் கோப்பையில் நிரம்பி ஒருவர் மடியில் வழிந்தது, அவர் என்னைத் திட்டியதுகூட உறைக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவனைச் சட்டையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இழுத்துப்போனேன்.

"டேய், அந்த ஆளு பேசான்னு சொன்னான். நீ அல்லாஹ்ன்னு சொன்னே."

"அக்கா, மெதுவா."

"என்ன மெதுவா? அவன் வாயில அல்லாஹ்வே வரல. எனக்குத் தெரிஞ்சதே ரெண்டு வார்த்தை, அதுல ஒண்ணை அவன் ரெண்டு தடவை சொல்லிட்டான். என்னடா சொன்னான்?"

அவன் மண்ணில் குந்தினான். "பேசா கிடைச்சா இருப்போம்னு சொன்னார்."

"முதல் கூட்டத்துல அந்தத் தளபதி?"

"அவரும் அதேதான். வந்த எல்லாருமே அதேதான் சொன்னாங்க."

ஓங்கி ஒன்று வைத்தேன். வளர்ந்த பிறகு அவனை அடித்தது அதுதான் முதல் தடவை.

"நான் என்னக்கா சொல்றது?" என்றான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "எவனோ பையைத் திறந்தா உங்க பிள்ளைகளைக் காப்பாத்துவோம், திறக்கலன்னா இல்லன்னு மரத்தடியில எந்திரிச்சு சொல்லவா? நாளைக்கு நடக்கப்போற எதையும் நாம இன்ஷா அல்லாஹ் இல்லாம சொல்றதில்ல. 'கிடைச்சா' அப்படின்னு வந்ததும் என் நாக்கு தன்னால அங்க போயிருச்சு. ரெண்டும் நம்ம கையில இல்லாததுதானேன்னு நினைச்சேன். வெள்ளைக்காரன் கையில பணம் இல்லாமப் போகும்னு எவன்க்கா நினைச்சான்?"

"அவன் கையில பணம் இருக்குடா. நமக்குத்தான் இல்ல."

அவன் தளத்து வாசலைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். பணம் வரவில்லை. இனி வராது. கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. வெளியே மூச்சுவிடக் கூடாது என்று மேலிடம் சொல்லியிருக்கிறது, காட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் வழியில் வண்டிகளை மடக்கிவிடுவார்களாம். ஒரு நாள் விடியும்போது தளம் காலியாக இருக்கும். மத்தியானத்துக்குள் காட்டுக்காரர்கள் தெருவில் இருப்பார்கள்.

"அப்ப ஊரு? மலாக்கு? அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க?"

"நான் சொன்னா ரகசியத்தை வித்துட்டேன்னு என்னைப் பிடிச்சுருவாங்க அக்கா."

"நீ ரகசியத்தைச் சொல்ல வேண்டாம். மலாக்கை அதே கேள்வியை இன்னொரு தடவை கேக்க வைக்கிறேன். மேஜர் வாயில இருந்து என்ன வருதோ, அதை அப்படியே எடுத்து வை. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது உன் வேலையைச் செய்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஊரே மரத்தடியில் கூடியது. நான் சொல்லியிருந்தபடி மலாக் மூமின் கேட்டார். "இருப்பீங்களா?" மேஜர் ஒகிரோர் அதையே சொன்னார். அந்த மனிதருக்குப் பொய் வராது, உண்மையைச் சொல்லவும் அனுமதி இல்லை. அவேஸ் எழுந்து நின்றான். நான் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவன் வாயையே பார்த்தேன்.

"பேசா கிடைச்சா இருப்போம்னு சொல்றார்" என்றான்.

 மலாக் கேட்டார். "யார் பேசா?"

"வேற நாட்டுக்காரங்களோடது."

"கிடைச்சுதான்னு கேளு."

அவேஸ் கேட்டான்.  மேஜர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதை எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மலாக் மூமின் இப்போது என் தம்பியைப் பார்த்தார். "முதல் நாளும் இதைத்தான் சொன்னாங்களா?"

"ஆமா, மலாக்."

யாரோ அவன்மேல் செருப்பை எறிந்தார்கள். மலாக் கையை உயர்த்தி அடக்கினார். "இவங்க இருக்கணும்னு இத்தனை வருஷம் அல்லாஹ்கிட்டக் கையேந்தினேன். விலாசம் தப்பாப் போச்சு" என்றார். சிலர் சிரித்தார்கள், அழுதுகொண்டே. அப்புறம் அவர் குரல் மாறியது. "எந்திரிங்க. பிள்ளைகளை முதல்ல வண்டியில ஏத்துங்க. சட்டி பானையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

கூட்டம் கலைந்தபோது மேஜர் அவேஸின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேலை போயிற்று. வாங்கிக்கொண்டே ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "நீ இத்தனை நாள் மாத்தி மாத்திச் சொன்னது எங்க எல்லாருக்கும் வசதியா இருந்துச்சுன்னு சொல்றார்" என்றான். 

கழுதை வண்டிகளில் கிளம்பினோம். மலாக் மூமின் ஏறவில்லை. அவேஸ் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "எல்லாம் என் நாக்கு செஞ்ச தப்பு. நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"உன் நாக்கு சொன்னது உன் கணக்கு. வெடியைக் காட்டுங்க, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னது என் நாக்கு. அதுல பேசா இல்ல" என்றார். "வந்ததும் அவனுங்க என்னைத்தான் தேடுவானுங்க. நான் இங்க கிடைச்சுட்டா உங்க பின்னால ஓடி வரமாட்டானுங்க. போ."

படை போனது. காட்டுக்காரர்கள் வந்தார்கள். மலாக் மூமின் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். அங்கேயே சுட்டார்கள். பின்னால் தப்பி வந்த ஆட்டுக்காரி சொன்னாள். உடலை மூன்று நாள் எடுக்க விடவில்லையாம். ரேடியோவில் அவர் பெயர் வரவில்லை. நிதிப் பற்றாக்குறை காரணமாகப் படை ஒழுங்காக விலகியது என்று வந்தது. ஒழுங்காம். என் பெஞ்சைப் போய்ப் பார்க்கட்டும், எவ்வளவு ஒழுங்கு என்று.

இப்போது இங்கே, மொகதிஷு போகும் சாலையோரத்தில், கம்பும் கந்தலுமாகக் கூடாரம். அவேஸ் சந்தையில் மூட்டை தூக்குகிறான். ஊரில் பாதிப் பேர் அவனோடு பேசுவதில்லை. மீதிப் பேர் அவன் இல்லாவிட்டால் நாமும் அந்தப் பெஞ்சில்தான் என்கிறார்கள். இரண்டும் சரிதான். நான் தினமும் அவனுக்குத் தட்டில் அஞ்சேரோ ரொட்டி வைக்கிறேன், திட்டிக்கொண்டே.

போன வாரம் உதவிக் குழுவில் இருந்து ஒரு பெண் வந்தாள். கென்யாக்காரி, நல்ல முகம், சுவாஹிலிதான் பேசினாள். மழைக்கு முன்னால் கூரைக்குத் தார்ப்பாய் வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். மொழி தெரிந்தவன் அவேஸ் ஒருவன்தான், எனவே வேறு வழியில்லாமல் அவனையே கூப்பிட்டார்கள். அவள் சிரித்தபடி ஏதோ சொல்லி, குறிப்பெடுத்துக்கொண்டாள்.

அவேஸ் எங்கள் பக்கம் திரும்பினான். "அடுத்த மாசம் கொண்டு வருவாங்களாம்" என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

முன்வரிசையில் குந்தியிருந்த மலாக் மூமினின் மனைவி கேட்டாள். "எது கிடைச்சா, அஃப்லபா? அல்லாஹ்வா, பேசாவா?"

"பேசா" என்றான் அவன்.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெண்கள் எல்லோரும் எழுந்தோம். அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் கூரைக்குப் புல் அறுக்க அரிவாளை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தோம். மழைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.