சும்மா இரு, கம்முனு இரு

இன்று மதியம் கரண்ட் போய் ஃபேன் நின்றதும், சின்ன வயதில் சோமனூர் வீட்டு விசைத்தறிகள் நின்றது போலவே இருந்தது.

தறி ஓடும்போது மட்டும்தான் அப்பா அம்மாவை அடிப்பார். அந்தச் சத்தத்தில் தெருவுக்கு எதுவும் கேட்காது. நான் அழுதால், "சித்த சும்மா இரு கண்ணு" என்று அம்மா கெஞ்சுவாள். அப்பா, "கம்முனு இரு" என்பார்; மறுபடி அழுதால் எனக்கும் விழும்.

ஒருநாள் அடிக்கு நடுவில் கரண்ட் போனது. நான் வேண்டுமென்றே அலறினேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அமைதியான ஊடாச்சே, என்ன அம்மணி ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க்கா" என்று அம்மா சிரித்தாள்.

கரண்ட் வந்தது. தறிகள் ஓடின. அப்பா அசையவில்லை. அம்மாதான் என்னை அறைந்தாள்.

"கம்முனு இரு" என்றாள்.

இங்கே ஃபேன் சுற்றத் தொடங்கிவிட்டது. என் கை இன்னும் கன்னத்தில் இருக்கிறது.