தாளிக்காத ஊறுகாய்

எங்கள் காலனி மாரியம்மன் கோயிலுக்கு ஒரு பெரிய அண்டா உண்டு. ஆடிப் பண்டிகைக்குக் கூழ் காய்ச்ச வாங்கியது. மற்ற மாதங்களில் கவிழ்ந்தே கிடக்கும். தோட்டங்களில் கூலிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த நாங்கள் சில பெண்கள் ஊறுகாய்த் தொழில் தொடங்க நினைத்தபோது பாத்திரம் வாங்க வழியில்லை. அம்மன் அண்டா சும்மா கிடக்கும்போது நாங்கள் ஏன் பேங்க் வாசலில் தவம் கிடக்க வேண்டும் என்று கோயில் கூட்டத்தில் நான்தான் சண்டை போட்டேன். அண்டாவும் சமையல் கொட்டகையும் கிடைத்தன. கோயில் கட்டுப்பாட்டை மீறக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

முதல் பெரிய ஆர்டர் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையிலிருந்து வந்தது. எலுமிச்சை ஊறுகாய். போனை எடுத்த என் நாத்தனார் சந்தோஷத்தில் ஆடி மாதத்தையே மறந்து, கேட்ட தேதிக்குத் தலையாட்டிவிட்டாள். எலுமிச்சையை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு அண்டாவில் ஊறவைத்தாயிற்று. தாளித்துக் கொட்டுவதுதான் பாக்கி. அப்போது பண்டிகை தொடங்கியதை அறிவிக்கும் பூச்சாட்டு மேளம் கேட்டது. பூச்சாட்டிவிட்டால் பண்டிகை முடியும்வரை எங்கள் பக்கம் யாரும் தாளிப்பதில்லை. எண்ணெயில் கடுகு வெடிப்பது அம்மனுக்கு ஆகாது.

நாத்தனார் அழாத குறை. “பரமத்தி வேலூர்ல எங்க சித்தி ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயித் தாளிச்சுட்டு வந்தர்லாமுங்க அண்ணி. அங்க இன்னும் சாட்டுலீங்க. ஆர்டர் போச்சுன்னா மறுபடி களையெடுக்கத்தான் போவோணும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அம்மன் அண்டாவுலயே ஊறவெச்சு அம்மனையே ஏமாத்தறதா?”

அம்மன் தண்டிப்பாளா என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை ஏமாற்றினால் எங்கள் தெரு மறுபடி எங்களை நம்பாது என்பது நன்றாகத் தெரியும். கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன். “பூச்சாட்டிட்டாங்க. தாளிக்காமத்தான் தருவோமுங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க.”

அவர் வெளியூர்க்காரர், ஒன்றும் விளங்கவில்லை. கடையில் வேலை பார்க்கும் அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா போட்ட சத்தம் போனிலேயே கேட்டது. “சேலம் பூராவும் ஆடிப் பண்டிகைங்க சார்! எங்க ஊட்லயே தொட்டுக்க ஒண்ணுமில்லாம இருக்கறோம். தாளிக்காததுன்னா அள்ளிட்டுப் போவாங்க!”

பாட்டிலில் ‘தாளிக்காதது’ என்று எழுதி ஒட்டி அனுப்பினோம். பண்டிகை முடிவதற்குள் இன்னும் வேண்டும் என்று அவரே கூப்பிட்டார்.

அந்த வாரத்தில் பெரிய தோட்டத்து அம்மா எங்கள் கொட்டகைக்கு வந்தார். எங்கள் தெருவில் கை நனைக்காத குடும்பம். அவர் தோட்டத்தில் களையெடுத்த காலத்தில் எனக்குத் தண்ணீரைக்கூடத் தூக்கித்தான் ஊற்றுவார்கள். ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் அவர் மகள் எங்கள் ஊறுகாயைப் பற்றிச் சொன்னாளாம். பாட்டிலைக் கையில் வாங்கியவர் மூடியைத் திறந்து, விரலால் தொட்டு, அங்கேயே நாக்கில் வைத்தார். புளிப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இன்னொரு பாட்டிலும் கேட்டார்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார். “பண்டிகை முடிஞ்சதும் களையெடுக்க வர்றியா? ஆளே கெடைக்கறதில்ல.”

“ஆர்டர் இருக்குதுங்க” என்றேன்.