ஜூலியட் தைத்த இறக்கை

ஜூலியட் திருவையாற்றில் சாமியானா பந்தல் தைப்பவள். நூறு வருடத்துக்கு முந்தைய விமானம் ஒன்றை அருங்காட்சியகத்துக்காக அச்சு அசலாகச் செய்துகொண்டிருந்த தஞ்சாவூர்ப் பட்டறை, இறக்கைத் துணி தைக்க அவளை அழைத்தது. மெஷினில் தைத்து முடித்தாள்.

பார்க்க வந்த நிபுணர், "அந்தக் காலத்துல மரச்சட்டத்தோட சேத்துக் கையாலதாம்மா தைச்சாங்க" என்றார்.

அவள் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அன்றே எல்லாவற்றையும் பிரித்தாள். இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, மூன்று மாதம் முடிச்சு முடிச்சாகக் கையால் தைத்தாள். விரல்களில் தோல் உரிந்தது.

திறப்பு விழாவில் ஓய்வுபெற்ற விமானி ஒருவர் இறக்கையைத் தட்டிப் பார்த்தார். துணி விண்ணென்றிருந்தது.

"எவ்வளவு நல்லா பாதுகாத்திருக்காங்க! எந்த வருஷத்து விமானம்மா இது?"

ஜூலியட்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"போன மாசத்து விமானங்க. இறக்கை நான் தைச்சது."