அத்தாவுக்கு விட்ட இடம்

ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். எடுத்தவள் என் தங்கை மகள். எல்லோரும் வரிசையில் நின்றாயிற்று; வண்டியை நிறுத்த இடம் தேடிப் போன என் தம்பி மட்டும் திரும்பவில்லை. அவள் ஃபோனை இறக்கிவிட்டு என்னை முறைத்தாள்.

"பெரியம்மா, ஏன் அவ்ளோ தள்ளி நிக்கிறீங்க? ஒட்டி நில்லுங்க."

"மாமா வரணும்ல? அவனுக்கு எடம் வேணாமா?"

"அதெல்லாம் வேணாம். மாமாவ அப்பறம் சேத்துக்கலாம். எடத்தையும் ஃபோனே பண்ணிக்கும்."

நான் நம்பவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, கிட்டே வந்து செய்து காட்டினாள். எங்களுக்குப் பின்னால் ஒருவர் குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். பாவம், யாருக்கும் ஒரு தொந்தரவும் செய்யாத மனிதர். அவர்மேல் விரலை வைத்தாள், ஆளே இல்லை. அவர் நின்ற இடத்தில் காவிரி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியம்மா ஆச்சரியத்தில் சிரிக்கிறாள் என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் அப்பியிருந்த பவுடர் வாசனை என் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நான் நன்னிலத்துக்குப் போய்விட்டேன்.

நன்னிலம் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில்தான் என் முதல் வேலை. உள்ளே நுழைந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடி, அதன் கீழ்ப் பலகையில் ஊருக்கே பொதுவான பவுடர் டப்பா, பல் உடைந்த சீப்பு. வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கூட அந்தப் பவுடரை ஒரு கை பார்க்காமல் நாற்காலியில் உட்கார மாட்டார். அதற்குப் பக்கத்துத் தடுப்புக்குள் ஏசி, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் நான். டிப்ளமா முடித்த கையோடு வந்தவள். எங்கள் தெருவில் நாற்றங்காலுக்குப் போகாமல் ஏசியில் உட்கார்ந்த முதல் பெண் என்ற திமிர் எனக்கு இருந்தது. இருக்கட்டுமே, அந்த வயதுக்கு அது அழகுதான்.

"அங்க என்னதான் வேல ஒனக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"ஆள வெட்டி வேற எடத்துல ஒட்டுறதும்மா."

அம்மா கையில் இருந்த சோற்றை அப்படியே தட்டில் போட்டுவிட்டாள். மறுநாள் ஸ்டூடியோவுக்கே வந்து, நான் ஒரு மணப்பெண்ணின் தலைமுடியைச் சுற்றி நுணுக்கி நுணுக்கிக் கோடு இழுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "நாத்துப் பறிக்கிற மாதிரிதான். வேரு அறாம எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனாள். பிற்பாடு எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஃபோட்டோஷாப் பாடத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் நடத்தவில்லை.

முதலாளியை நாங்கள் குமரேசன் அண்ணன் என்போம். கேமராவில் கெட்டிக்காரர். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் இரண்டடி தள்ளித்தான் நிற்பார், ஆயுதபூசைக்கு மவுசுக்குச் சந்தனம் வைக்கும்போது தவிர. மென்பொருளில் உள்ள கருவிகளின் பெயர் அவர் வாயில் நுழையாது. படத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்துவிட்டார். ஆளைச் சுற்றி வெட்டுவது சுருக்குக் கயிறு. ஓரிடத்தில் உள்ளதை எடுத்து இன்னோரிடத்தில் பதிப்பது ரப்பர் ஸ்டாம்பு. பரு, தழும்பு, அம்மைப் புள்ளி எல்லாவற்றையும் தடவித் தடவி மறைப்பது பிளாஸ்திரி. உண்மையிலேயே அதற்கு ஒரு குட்டிப் பிளாஸ்திரி படம்தான் போட்டிருக்கும். "பொண்ணுக்குக் கன்னத்துல பிளாஸ்திரி போட்டுரும்மா" என்று அவர் குரல் கொடுப்பார். வெளியே காத்திருக்கும் பெண்வீட்டார் பதறி எழுந்து நிற்பார்கள்.

ஆல்பத்துக்கென்று பின்னணிப் படங்கள் நிறைந்த டிஸ்க்குகள் வந்துகொண்டிருந்த காலம் அது. சம்பா நடவு நடக்கும் வயல்களுக்கு நடுவே கல்யாணம் செய்துகொண்டவர்கள் எங்கள் ஆல்பத்தில் பனிமலையில் நிற்பார்கள், மாப்பிள்ளை வேட்டி சட்டையோடும் வெறுங்காலோடும். ஒருவருக்கும் குளிர்ந்ததாகத் தெரியவில்லை. மின்சாரம் போனால் யுபிஎஸ் வீரிட்டுக் கத்தும். அது அடங்குவதற்குள் நான் சேமித்தாக வேண்டும். இன்றைக்கும் எங்கேயாவது குழந்தை வீரிட்டு அழுதால் என் இடது கை தானாகக் கண்ட்ரோல் எஸ் அழுத்தும்.

எங்கேயோ போகிறேன். மும்தாஜ் அக்காவைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

நோன்புப் பெருநாளன்று தொழுகை முடிந்த வேளையில், புதுத்துணி வாசனையோடு இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு அவர் ஸ்டூடியோவுக்கு வருவார். பெரியவள் பர்வீன், சின்னவள் ஆயிஷா. பிள்ளைகள் அத்தா என்று அழைக்கும் வீட்டுக்காரருக்குச் சவூதியில் ஒரு கடையில் வேலை. ஆயிஷா தொட்டிலில் கிடந்தபோது போனவர். அங்கே தங்குவதற்கான அக்காமா என்ற அனுமதிச் சீட்டு ஏதோ சிக்கலில் மாட்டிப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. அது கைக்கு வராமல் அவர் புறப்பட முடியாது. ஆனால் பெருநாள் படத்தில் அவர் இல்லாமல் இருக்கவும் முடியாது. சவூதியிலிருந்து வந்த அவரது படத்தை நான் சேர்த்து ஒட்ட வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் அறிந்த வழக்கம். வளைகுடாவில் ஆள் இருக்கும் குடும்பம் படத்துக்கு நிற்கும்போதே ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு நிற்கும். "அத்தாவுக்கு எடம் விடு" என்று மும்தாஜ் அக்கா சொல்வதற்கு முன்பே பர்வீன் நகர்ந்திருப்பாள். ஆயிஷா இன்னும் ஒரு படி மேலே போய், அந்த வெற்றிடத்தின் பக்கம் கையை நீட்டி விரலைப் பிடித்துக்கொள்வதுபோல் மூடி வைத்துக்கொள்வாள். அந்தக் கைக்குள் ஒரு விரலை நுழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் அனுப்பியது ஒரே ஒரு படம், அதுவும் இடுப்பு வரைக்கும். சட்டை மஞ்சள் நிறம். நிறம் மாற்றும் கருவியைக் கொஞ்சம் தள்ளினால் பச்சை, இன்னும் தள்ளினால் நீலம். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவருக்குப் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். இடுப்புக்குக் கீழேதான் தகராறு. முதல் தடவை கைபிசைந்து உட்கார்ந்திருந்தேன். குமரேசன் அண்ணன் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். உள்ளே போய் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து சிவப்புக் கம்பளத்தில் நின்றார்.

"இந்தா, எங்காலு. எடுத்துக்க."

மும்தாஜ் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படியாக, மேலே சவூதியும் கீழே குமரேசன் அண்ணனுமாக ஒரு மனிதர் அந்தக் குடும்பத்தின் நடுவில் நின்றார். ஒரே ஒரு குறை. அதற்கு முந்தின வாரம்தான் லைட் ஸ்டாண்டு விழுந்து அண்ணனின் வலதுகால் கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அண்ணனுக்குப் பழைய நகம் விழுந்து புது நகம் முளைத்து எல்லாம் முடிந்த பிறகும், 'கால்' என்று பெயர் வைத்து நான் சேமித்த கோப்பில் அந்த நகம் கறுப்பாகவே இருந்தது. அடுத்த பெருநாளுக்கும் அதே கால், அதற்கடுத்ததற்கும்.

படத்தின் ஒரு பிரதி சவூதிக்கும் போகும். ஒருமுறை அவர் அங்கிருந்து ஃபோனில் கேட்டாராம்: "எல்லாம் சரி புள்ள, இது யாரு காலு?"

ஆயிஷாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அவள் அத்தாவை அறிந்ததே அந்தப் படங்களில்தான். ஒரு பெருநாளன்று, அவள் கண்ணாடி முன்னால் பவுடர் பூசிக்கொண்டிருந்த நேரத்தில், மும்தாஜ் அக்கா என் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"ஒவ்வொரு வாட்டி ஃபோன் வர்றப்பவும், அத்தா கால் வலிக்குதான்னு கேக்குறா தங்கச்சி. அவங்க இல்லம்மாங்குறாங்க. இவ நம்ப மாட்டேங்குறா. படத்துல அடிபட்டிருக்கேங்குறா."

"ஸ்டூடியோ மாமா காலுன்னு சொல்லிர வேண்டியதுதானக்கா?"

"எப்புடிச் சொல்லுவேன்? அப்பறம் மத்ததெல்லாம் யாருதுன்னு கேப்பாளே."

அதுவும் நியாயம்தான். ஆயிஷாவைக் கூப்பிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். அவள் கண் முன்னாலேயே நகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, பிளாஸ்திரிக் கருவியை எடுத்துத் தடவினேன். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள்.

"மெதுவாக்கா. வலிக்கும்."

மெதுவாகவே தடவினேன். கடைசியில் நல்ல ரோஜா நிறத்தில் ஒரு நகம் வந்தது. அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள்:

"அம்மா, அத்தா கால் ஆறிடுச்சு! இனிமே நடந்து வந்துருவாங்க!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கால் அடிபட்டதால்தான் அத்தா வரவில்லை என்று அந்தப் பெண் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மும்தாஜ் அக்கா என்னைப் பார்த்தார், நான் கீபோர்டைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. ஆயிஷாவின் பள்ளிக்கூட வேன் எங்கள் கடை வாசலில்தான் நிற்கும். சாயங்காலம் இறங்கியதும் தலையை மட்டும் உள்ளே நீட்டுவாள். "அக்கா, அத்தா கெளம்பிட்டாங்களா?" என்னமோ அவரை அனுப்பி வைப்பவள் நான் என்பதுபோல. வேன் சத்தம் கேட்டாலே நான் மானிட்டருக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொள்வேன். சின்னப் பிள்ளையிடம் ஒளிந்து வேலை பார்த்த ஒரே டிசைனர் நானாகத்தான் இருப்பேன். அந்த மனிதர் அடுத்த பெருநாளுக்கும் வராவிட்டால் அவளிடம் என்ன சொல்வேன்? நகத்தைக் கறுப்பாகவே விட்டிருக்கலாமோ?

குமரேசன் அண்ணன் ஆறுதல் சொன்னார். "கவலப்படாத. வரலன்னா இன்னொரு வெரல்ல அடிபட வச்சிருவோம்." அவர் ஆறுதல் எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

நோன்பு தொடங்கியது, முடிந்தது. பெருநாள் காலை, கடையைத் திறந்து நான் பவுடர் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். மும்தாஜ் அக்கா, பர்வீன், ஆயிஷா. பின்னால் ஒருவர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அவரைப் பார்க்கிறேன். ஆனால் அந்த முகம் எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். இடது காதுக்குக் கீழே மச்சம். புருவத்தில் ஒரு வெட்டு. அவருக்கோ நான் யாரோ ஒரு கடைப்பெண். ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம்போல எனக்குச் சந்தோஷம். துடைத்த டப்பாவையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றேன்.

"நேத்துதான் வந்தாங்க தங்கச்சி," என்றார் மும்தாஜ் அக்கா. சொல்லும்போதே சிரிப்பு. "வந்து எறங்குனவங்கள வீட்டுக்குள்ளயே விடல இவ. வாசல்ல மறிச்சுக்கிட்டு, ஷூவக் கழட்டுங்கங்குறா. அவங்களும் திருதிருன்னு முழிச்சுக்கிட்டுக் கழட்டுறாங்க. வெரல அமுக்கிப் பாத்துட்டு, ஆறிடுச்சு, உள்ள வாங்கங்குறா!"

ஆயிஷா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அத்தா, இந்தக்காதான் ஒங்க கால ஆத்துனாங்க."

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. மருத்துவரிடம் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னார்: "இப்ப வலியே இல்லம்மா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏசி காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

படம் எடுக்க நின்றார்கள். மும்தாஜ் அக்கா ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் வழக்கம்போல இடம். அவர் அது என்ன இடம் என்று தெரியாமல் லைட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வேடிக்கை பார்க்க வந்தவர்போல நின்றுகொண்டிருந்தார்.

"அத்தா, அங்க ஏன் நிக்கிறீங்க? ஒங்க எடம் இங்க இருக்கு!"

போய் நின்றார். இடம் அதிகமாக இருந்தது. நான் அவரைக் கொஞ்சம் உயரமாகவும் தாட்டியாகவும் வைத்திருந்தேன். இவர் ஒல்லி, நரை வேறு. இத்தனை பெருநாளாக நான் ஒட்டிய ஆளின் அளவுக்கு இடம் விட்டுப் பழகிய குடும்பம் அது. மிச்சம் கிடந்த இடத்தில் ஆயிஷா புகுந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கேமராவை அழுத்தினார். "இதுல கை வைக்காத. அப்புடியே பிரிண்ட் போடு" என்று என்னிடம் சொன்னார். நான் கை வைக்காமல் அச்சுக்குப் போன முதல் படம் அதுதான். நாலு பேரில் ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. மூன்று பேர் அவரைப் பார்க்கிறார்கள். அவர் தன் காலைப் பார்க்கிறார்.

அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது ஃபோன் உறை விற்கும் கடை இருக்கிறது. குமரேசன் அண்ணன் தன் மகன் வீட்டோடு போய்விட்டார். நான் தஞ்சாவூரில் பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். 'கால்' கோப்பு ஒரு சிடியில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதைப் படிக்கும் கம்ப்யூட்டர்தான் வீட்டில் இல்லை. இப்போதைய செயலிகளுக்கு அண்ணனின் கால் தேவையும் இல்லை. இடுப்பு வரை படம் கொடுத்தால் மிச்சத்தை அவையே வரைந்துவிடுகின்றன. நல்ல கால்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவை யாருடைய காலும் இல்லை. அவற்றில் நகம் கறுப்பதில்லை, எந்தப் பிள்ளையும் வலிக்கிறதா என்று கேட்பதில்லை. இடம் விட்டு நிற்கும் குடும்பத்தையும் நான் பார்த்து வெகுகாலமாகிறது. வெளியூரில் இருப்பவர் ஃபோன் திரையிலேயே வந்து பேசிவிட்டுப் போய்விடுகிறார்.

"பெரியம்மா! சிரிச்சது போதும், ஒட்டி நில்லுங்க," என்றாள் தங்கை மகள்.

"மாட்டேன்," என்றேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு ஃபோனைத் தூக்கினாள். அப்போது படித்துறைக் கூட்டத்தை இடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் வேர்வையாக, "எடுத்துராதீங்க, எடுத்துராதீங்க" என்று கத்தியபடி என் தம்பி ஓடி வந்துகொண்டிருந்தான்.