விஷம் காட்டிய பட்டை

மின்சாரம் கடத்தும் பாலிமரை மையாக்கிப் பிளாஸ்டிக் தாளில் அச்சடிப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. பார்த்தால் சர்க்கரை பார்க்கும் பட்டை மாதிரியே இருக்கும். ரத்தத்துக்குப் பதில் வயல் தண்ணீர். பட்டையின் நுனியில் ஒரு நொதியைத் தடவியிருப்போம். தண்ணீரில் பூச்சிமருந்து இருந்தால் நொதி முடங்கும், கருவியில் மின்னோட்டம் குறையும். சூடு பட்டாலும் அந்த நொதி செத்துப்போகும் என்பதால் ஐஸ் பெட்டியில்தான் எடுத்துப்போக வேண்டும்.

எங்கள் பேராசிரியர் இதை உழவர்களின் விடிவெள்ளி என்று மேடைதோறும் முழங்கிவந்தார். நாற்றங்கால் எது, நட்ட வயல் எது என்று அவருக்கு யாராவது காட்டித்தர வேண்டும்.

திட்டத்தை மதிப்பிட டெல்லியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். திருவாரூர்ப் பக்கம் குத்தகைக்குப் பயிர் வைக்கும் ஓர் அம்மாவின் வயலுக்கு அவர்களை அழைத்துப்போனோம். அவர் பூச்சிமருந்தே அடிப்பதில்லை. சுத்தமான தண்ணீர் எப்படிக் காட்டும் என்பதை முதலில் அங்கே காண்பிப்பதாக ஏற்பாடு.

கார் டிக்கியைத் திறந்தேன். ஐஸ் பெட்டிக்குள் விருந்தினருக்கான குளிர்பானங்கள். பட்டைகள் பின்கண்ணாடி ஓரம் புரட்டாசி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

பேராசிரியர் காதருகே போய், “சார், ஸ்ட்ரிப் சூடாயிடுச்சு. இது வேலை செய்யாது” என்றேன்.

“கெஸ்ட் முன்னாடி நெகட்டிவா பேசாதம்மா.”

பட்டையைக் கருவியில் செருகினேன். வயல் தண்ணீரைச் சொட்டு விட்டேன். மின்னோட்டமே இல்லை, அதாவது, பூச்சிமருந்து உச்சத்தில். பேராசிரியர் அந்த அம்மாவிடம் திரும்பினார்.

“உண்மையச் சொல்லுங்கம்மா, என்ன அடிச்சீங்க?”

“ஒண்ணும் அடிக்கலீங்க.”

“மெஷின் பொய் சொல்லாது.”

அந்த அம்மாவின் முகம் சிறுத்துப்போனது. பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவர் சொன்னார்: “நீங்க குடிக்கிறீங்களே பாட்டில் தண்ணி, அதுல வச்சுப் பாருங்க சார்.”

விருந்தினரில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. “பாத்துடலாமே” என்றார். வெயிலில் கிடந்த இன்னொரு பட்டையைப் பொருத்திச் சொட்டு விட்டேன். அதிலும் விஷம், அதே அளவு. பேராசிரியர் கையிலிருந்த பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். பிறகு பெருமூச்சோடு சொன்னார்: “இந்தக் காலத்துல எந்தக் கம்பெனியையும் நம்ப முடியல.”

மறுவாரம், புதிய பட்டைகளை ஐஸோடு எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினேன். அதே வயல் தண்ணீரைச் சோதித்தேன், மருந்தே இல்லை. அந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“எனக்குத் தெரியாதா பாப்பா? அன்னைக்கு வரப்புல நின்னவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

வீடு வீடாகப் போனேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். மூன்றாமவர், “அப்ப அன்னைக்கு ஏங்க சும்மா நின்னீங்க?” என்று கேட்டார்.

திட்ட அறிக்கையில் அந்த நாள் ‘களச்சோதனை வெற்றி’ என்று பதிவாகியிருக்கிறது. தட்டச்சு செய்தது நான்தான்.