வயலின் பெட்டிக்கு ஒரு பூட்டு

எங்கள் வீட்டில் இலவசமாக வரும் எதையும் சந்தேகப்படாமல் உள்ளே விட மாட்டோம். அப்படிப்பட்ட வீட்டுக்கு, நான் ஏழாவது படிக்கும்போது, ஒரு வயலின் வந்து சேர்ந்தது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் சர்ச் பிள்ளைகளுக்கு வயலின் கற்றுக்கொடுத்த வாத்தியார் இறந்துபோயிருந்தார். அவரிடம் படித்தவர்கள் அவர் பெயரில் ஒரு நினைவு நிதி தொடங்கி, வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு வயலினும் சனிக்கிழமை வகுப்பும் தந்தார்கள். முதல் பிள்ளை நான். மாதம் ஒருமுறை அவர்களில் ஒருவர், நாங்கள் நிதிக்காரர் என்போம், வீட்டுக்கே வந்து பார்ப்பார். வயலினை ஒழுங்காக வைத்துக்கொள்ளாவிட்டால் அது வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

அப்பா படிவத்தை மூன்று தடவை படித்தார், ஒன்றும் அச்சிடாத பின்பக்கத்தையும் சேர்த்து. அவரைவிட அத்தைக்குத்தான் கோபம். அப்பாவின் தங்கையான அவள், தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் வீட்டில் தூங்குவாள்.

"சும்மா யாருண்ணா தருவாங்க? இத்த ஊட்ல வச்சிக்கினு இருக்காத. திருப்பிக் குடுத்துடு," என்றாள்.

நான் அழுத அழுகையில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அதன் பிறகு அத்தை அந்தப் பெட்டி இருந்த பக்கமே திரும்பவில்லை.

இரண்டு வாரத்தில் எனக்கே சந்தேகம் தட்டியது. வயலின் வில்லின் முடியை இறுக்கித்தான் வாசிக்க வேண்டும். முடித்ததும் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குச்சி வளைந்துவிடும். நான் சோம்பேறி, இறுக்கியபடியே மூடிவிட்டு ஓடிவிடுவேன். ஆனால் மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டியைத் திறந்தால் வில் தளர்ந்திருக்கும். தினமும் இப்படி. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பது ஒரே ஆள்தான். எனக்குத் தெரியாமல் பெட்டியில் கைவைத்து, வயலினைக் கெடுத்து, என்னிடமிருந்து பிடுங்கவைக்க அத்தை வழி பார்க்கிறாள் என்று முடிவுகட்டினேன். கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு.

அப்பாவை நச்சரித்து ஒரு பூட்டு வாங்கினேன். ஒரு சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், இன்னொன்றை ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டேன். அத்தை பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படுக்கப் போனாள். அதைத் திருட்டு முழி என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் நிதிக்காரர் வந்து, வில்லைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இறுக்கியபடியே கிடந்ததில் குச்சி லேசாக வளைந்திருந்தது.

"போன மாசம் நல்லாத்தான இருந்துச்சி. அப்ப யாரு பாப்பா தளத்தி வச்சது?"

"நான்தான் சார். இந்த மாசம் பரீட்சை, மறந்துட்டேன்."

அத்தை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிதிக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். சின்ன வயதில் வாத்தியாரிடம் வயலின் கற்றுக்கொண்டு பாதியில் நின்றவள் நீதானே என்று கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள். என் கழுத்துச் சாவியைப் பார்த்தாள்.

"இல்ல சார். அது வேற யாரோ," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பரீட்சை என்றதால் நிதிக்காரர் இந்தத் தடவை மன்னித்துவிட, வயலின் என்னிடமே தங்கியது. என் பொய்யைக் காட்டிக்கொடுக்காமல் அத்தை இவ்வளவு சுலபமாக விட்டதுதான் எனக்கு உறுத்தியது. இதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறதென்று, அவள் போனதும் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த இன்னொரு சாவி அங்கேயே கிடந்து துருப்பிடித்தது. அதை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.